பிரவுசர்சிங்கை முன்னால் நிறுத்திப் பழைய பிஎச்பியை ஓட்டுவது: பாவித்த ஒருவரின் விமர்சனம்

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், பிறகு ஏமாறக்கூடாது. பிரவுசர்சிங்க் என்பது கோப்பைச் சேமித்ததும் பிரவுசரில் பக்கத்தைப் புதுப்பித்துக் காட்டுகிற டிவெலப்மென்ட் சேவர், அதாவது தளம் எழுதுகிறவர் தன் கணினியிலேயே ஓட்டிப் பார்க்கிற சேவர். பிஎச்பி என்பது சேவரில் ஓடிப் பக்கத்தை உருவாக்கும் மொழி. பிரவுசர்சிங்க் அதை ஓட்டாது. அதே மாதிரியான லைவ் சேவர் ஓட்டாது, வீட் என்ற சேவர் ஓட்டாது, ஜாவாஸ்கிரிப்டில் எழுதி நோட் என்ற ஜாவாஸ்கிரிப்ட் இயக்கியில் ஓடுகிற எந்தச் சின்ன டிவெலப்மென்ட் சேவரும் பிஎச்பி கோப்பைக் கண்டால் அதை ஒரு சாதாரணக் கோப்பாகத்தான் பார்க்கும். ரியாக்ட் படித்துவிட்டு வேலைக்கு வருகிற பெடியளிடம் ஒரு பழைய பிஎச்பி ஃபோல்டரைக் கொடுத்துப் பாருங்கள், விஎஸ் கோட் எடிட்டரின் கீழ்ப்பட்டியில் இருக்கும் கோ லைவ் பொத்தானை அமத்துவார்கள், 5500ஆம் போர்ட்டில் (போர்ட் என்பது ஒரே கணினியில் ஒவ்வொரு சேவருக்கும் உள்ள கதவு எண்) பிரவுசர் திறக்கும், பக்கம் வருவதற்குப் பதிலாகக் கோப்பு டவுன்லோட் ஆகிவிடும். அதே வழியில் கொன்ஃபிக் கோப்பைக் கேட்டால் டேட்டாபேஸ் கடவுச்சொல்லும் சேர்ந்து இறங்கும்.

அப்படியானால் இந்த விமர்சனம் எதற்கு? ஓட்டாத சேவரையே முன்னால் நிறுத்தி, ஓட்டக்கூடிய ஒன்றைப் பின்னால் வைத்தால் கிடைக்கிற வசதி நல்ல வசதி, அதை இங்கே கனபேர் பாவிப்பதில்லை என்பதற்காகத்தான். புறக்கோட்டைக் கடையில் முன்மேசையில் நிற்கிற பெடியன் சாமானை வைத்திருப்பதில்லை, பின்னாலுள்ள ஸ்டோருக்குக் குரல் கொடுத்து எடுத்துத் தருகிறான், ஆனால் வாடிக்கையாளருக்குத் தெரிந்த முகம் அவன்தான். பிரவுசர்சிங்கின் புரொக்ஸி முறையும் அதுதான்.

கொழும்பில் இந்த வேலைக்கு ஏன் இன்னும் ஆள் தேவைப்படுகிறது என்று வெளிநாட்டில் இருக்கிற நண்பர்கள் கேட்பார்கள். பழைய சோனகத் தெருவில் ஒரு ஹாட்வெயார் மொத்த வியாபாரக் கடை. ஸ்டொக், பில், கடன் கணக்கு எல்லாம் 2005 வாக்கில் யாரோ எழுதிக்கொடுத்த பிஎச்பி ஸ்கிரிப்டில் ஓடுகின்றன. எழுதியவர் நாட்டிலேயே இல்லை. 2022 இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360க்குப் போன பிறகு, புதிதாக ஒரு சிஸ்டம் செய்வோம் என்று விலை சொன்னால் முதலாளி சிரித்துவிட்டுத் தேநீர் வரவழைப்பார். ஆனால் அரசாங்கம் சும்மா இருக்கவில்லை. வற் வரி 2022 யூனில் 8இலிருந்து 12 ஆனது, செப்டெம்பரில் 15 ஆனது, 2024 ஜனவரி முதலாம் திகதி 18 ஆனது. வரி வீதத்தை ஒரு இடத்தில் வைத்து எழுதியிருந்தால் ஒரு நிமிட வேலை. இந்த மாதிரி ஸ்கிரிப்டுகளில் அது ஒரு இடத்தில் இருக்காது, பில் பக்கத்தில் ஒன்று, மீள்பதிப்புப் பக்கத்தில் ஒன்று, மாத அறிக்கையில் 1.15 என்று பெருக்கியபடி இன்னொன்று. ஒவ்வொன்றையும் மாற்றி, பார்த்து, அச்சடித்து, திரும்ப மாற்றி என்று போகிற வேலைக்குத்தான் நல்ல டிவெலப்மென்ட் சேவர் வேண்டும்.

என் லப்டொப் யூனிட்டி பிளாசாவில் வாங்கிய பழைய மெஷின், நான்கு ஜிபி ராம், விண்டோஸ். டொக்கர், அதாவது சேவரை அதன் சூழலோடு ஒரு பெட்டி போல ஓட்டும் மென்பொருள், போட்டால் எல்லாம் சரியாகும் என்று சொல்கிறவர்களுக்கு வணக்கம், அவர்கள் சொல்வது சரி, பிஎச்பியின் பழைய 5.6 பதிப்புக்கே அதிகாரபூர்வ இமேஜ், அதாவது ஆயத்தப் பெட்டி, இருக்கிறது. ஆனால் இந்த மெஷினில் டொக்கரும் குரோமும் ஒன்றாகத் திறந்தால் மவுஸ் நகர்வதற்கே யோசிக்கும்.

சரி, அமைப்புக்கு வருவோம். கடையின் ஹோஸ்டிங்கில் ஓடுவது பிஎச்பி 5.6, அதற்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2018 கடைசியோடு நின்றுவிட்டன. விண்டோஸுக்கான பழைய ஸிப் கோப்புகள் பிஎச்பியின் ஆவணக் கிடங்கில் இன்னும் கிடக்கின்றன, அவிழ்த்து ஒரு ஃபோல்டரில் போட்டால் போதும், இன்ஸ்டோல் என்று ஒன்றும் இல்லை. 5.6க்கு விஷுவல் சி பிளஸ் பிளஸ் 2012 ரன்டைம் வேண்டும், அது இல்லாவிட்டால் விடுபட்ட டிஎல்எல் பெயரைச் சொல்லிவிட்டு நின்றுவிடும். பக்கத்திலேயே 7.4க்கு ஒரு ஃபோல்டர், 8க்கு ஒரு ஃபோல்டர் என்று வைத்துக்கொள்ளலாம், ஒன்றோடொன்று சண்டை பிடிக்காது. 5.4 பதிப்பிலிருந்து, அதாவது 2012 மார்ச்சிலிருந்து, பிஎச்பிக்குள்ளேயே ஒரு சின்ன வெப் சேவர் இருக்கிறது. கட்டளை வரியில் பிஎச்பி என்று அடித்து, ஒரு கோடும் பெரிய எஸ் எழுத்தும் போட்டு, லொக்கல்ஹோஸ்ட் 8000 என்று கொடுத்தால் அந்த ஃபோல்டர் ஓடத் தொடங்கிவிடும். அப்பாச்சி என்ற பெரிய வெப் சேவர் வேண்டாம், அதையும் டேட்டாபேஸையும் ஒரே கட்டாகத் தரும் ஸாம்ப் வேண்டாம், 80ஆம் போர்ட்டை யார் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்று தேடவும் வேண்டாம்.

இரண்டாவது டெர்மினலில் பிரவுசர்சிங்க். ஸ்டார்ட் என்று சொல்லி, புரொக்ஸியாக அந்த 8000ஐக் காட்டி, எந்தக் கோப்புகளைக் கவனிக்க வேண்டும் என்று பிஎச்பியையும் பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் சிஎஸ்எஸ்ஸையும் கொடுத்தால் 3000ஆம் போர்ட்டில் அதே தளம் திறக்கும், 3001இல் அதன் கட்டுப்பாட்டுப் பக்கம் திறக்கும். அவ்வளவுதான். காசு இல்லை, அப்பாச்சி 2.0 உரிமத்தில் இலவசம். என்பிஎம்மில், அதாவது நோட்டின் பொதிக் கிடங்கில், இறக்கும்போது தனக்கு வேண்டிய மற்றப் பொதிகள் என்ற உறவினர் கூட்டம் முழுவதையும் கூட்டிக்கொண்டுதான் வரும், அதனால் டேட்டா இருக்கும் நேரத்தில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். ஒருமுறை இறங்கிவிட்டால் பிறகு இணையம் இல்லாமலும் ஓடும். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு பதின்மூன்று மணித்தியாலம் வரை கரண்ட் போன ஊரில் இருந்துகொண்டு, ரவுட்டர் செத்தாலும் பற்றரியில் வேலை நடக்கும் என்பதைச் சின்ன விஷயமாக நான் எடுக்கமாட்டேன்.

இதில் எனக்கு உண்மையாகவே பிடித்தது சிஎஸ்எஸ் விஷயம். பிஎச்பி கோப்பைச் சேமித்தால் பக்கம் முழுவதும் ரீலோட் ஆகும், அது எல்லோரும் செய்வதுதான். சிஎஸ்எஸ் கோப்பைச் சேமித்தால் பக்கம் ரீலோட் ஆகாமல் பாணி மட்டும் மாறும். பில் பக்கத்தில் இருபது வரி சாமான் அடித்து வைத்திருக்கிறேன், இன்னும் சேமிக்கவில்லை, அந்த நிலையிலேயே நிரல்களின் அகலத்தை மாற்றிப் பார்க்கலாம், அடித்த வரிகள் அப்படியே இருக்கும். பழைய பில் சிஸ்டத்தில் வேலை செய்தவர்களுக்குத்தான் இதன் அருமை விளங்கும், ஒவ்வொரு ரீலோடுக்கும் திரும்ப உருக்கு ஆணி இரண்டு அங்குலம் ஐந்து கிலோ என்று அடித்துப் பாருங்கள்.

அதோடு, வீட்டு வைஃபையில் இருக்கும் போனில் லப்டொப்பின் முகவரியைப் போட்டால் அதே பக்கம் போனிலும் வரும், முகவரியை டெர்மினலிலேயே காட்டும். கடையின் விற்பனைப் பிரதிநிதிகள் ஓடரைப் போனில்தான் போடுகிறார்கள். 3001 பக்கத்தில் இணைய வேகத்தைக் குறைத்துக் காட்டும் வசதியும் இருக்கிறது. கொழும்பில் ஃபைபரில் உட்கார்ந்துகொண்டு மொனராகலைப் பக்கம் போகிற ஆளின் சிக்னலை யோசிக்க அது உதவும்.

இனிக் குறைகள். முதல் வேலையாக நிறுத்த வேண்டியது கோஸ்ட் மோட். பிரவுசர்சிங்க் என்ற பெயரே அதனால் வந்ததுதான், ஒரு பிரவுசரில் கிளிக் செய்தால், ஸ்குரோல் செய்தால், படிவத்தில் எழுதினால், இணைந்திருக்கும் மற்றப் பிரவுசர்களிலும் அது நடக்கும். இந்த வசதி தானாகவே திறந்திருக்கும். ஒரு கொம்பனியின் அறிமுகத் தளத்தை நான்கு திரைகளில் சோதிக்கிறவருக்கு இது வரப்பிரசாதம். பில் சிஸ்டத்துக்கு இது ஆபத்து. லப்டொப்பிலும் போனிலும் ஒரே பக்கம் திறந்திருக்க, லப்டொப்பில் சேமி பொத்தானை அமத்தினால் போனும் அதே படிவத்தை அனுப்பப் பார்க்கும், இரண்டு பில், ஸ்டொக் இரண்டு தடவை குறையும். சோதனை டேட்டாபேஸ்தானே என்று நீங்கள் விடலாம், ஆனால் பிழை ஸ்கிரிப்டில் இருக்கிறதா சேவரில் இருக்கிறதா என்று தெரியாமல் ஒரு பின்னேரம் முழுவதும் போகும். கட்டளையில் நோ கோஸ்ட் மோட் என்று சேர்த்துவிடுங்கள், அப்புறம் பிரச்சினை இல்லை.

இரண்டாவது, தானாக ரீலோட் ஆவதற்கான சிறு ஸ்கிரிப்டை, பக்கத்தின் உள்ளடக்கம் தொடங்குவதைக் காட்டும் எச்டிஎம்எல் குறியான பொடி டாக்குக்குப் பக்கத்தில்தான் அது செருகும். பொடி டாக் இல்லாத பக்கத்தில் செருகாது. இந்தக் காலத்துப் பக்கங்களுக்கு இது ஒரு பிரச்சினையே இல்லை, ஆனால் 2005 என்றால் ஃப்ரேம்செட் காலம், இடது பக்கம் மெனு ஒரு ஃப்ரேம், மேலே கடைப் பெயர் ஒரு ஃப்ரேம். வெளிப்பக்கத்தில் பொடியே கிடையாது. உள்ளே இருக்கும் ஒவ்வொரு ஃப்ரேமும் தனித்தனியாக ரீலோட் ஆகும், சிலது ஆகாது, எது ஆகும் எது ஆகாது என்பது எழுதியவர் அன்று பொடி டாக்கை நினைவாகப் போட்டாரா என்பதைப் பொறுத்தது.

மூன்றாவது விஷயம் கொஞ்சம் பயமுறுத்தும். புரொக்ஸி, பக்கத்தில் வரும் லொக்கல்ஹோஸ்ட் 8000 என்ற இணைப்புகளைத் தன் முகவரிக்கு மாற்றிவிடும், அதே முகவரிக்குப் போகும் ரீடைரெக்டையும் (பிரவுசரைத் தானாக வேறு பக்கத்துக்குத் திருப்பி விடுவது) சமாளித்துவிடும். ஆனால் பழைய ஸ்கிரிப்டில் லொகின் முடிந்ததும் கடையின் உண்மையான டொமைனுக்கு முழு முகவரியோடு ரீடைரெக்ட் எழுதியிருந்தால், அல்லது படிவம் எங்கே போக வேண்டும் என்று சொல்லும் எக்ஷனில் அந்த முழு முகவரி இருந்தால், நீங்கள் லொக்கலில் நிற்பதாக நினைத்துக்கொண்டு உண்மையான தளத்தில் நிற்பீர்கள். பக்கங்கள் இரண்டும் ஒரே மாதிரி இருப்பதால் கண்ணுக்குத் தெரியாது. வேலையைத் தொடங்குமுன் ஃபோல்டர் முழுவதிலும் டொமைன் பெயரைத் தேடுங்கள், ஒன்றும் மிஞ்சக்கூடாது. சோதனைத் தளத்தின் பின்னணி நிறத்தை மாற்றி வைப்பதும் நல்லது, நான் மஞ்சள் வைத்திருக்கிறேன், அசிங்கமாகத்தான் இருக்கும்.

இன்னொன்று, அது தானாகவே முழு நெற்வேர்க்குக்கும் கதவைத் திறந்து வைக்கிறது. வீட்டில் பரவாயில்லை. காலி வீதிக் கோப்பிக்கடை வைஃபையில் உட்கார்ந்து கடைக்காரரின் கடன் கணக்கைத் திறந்து வைக்க வேண்டாம்.

பின்னால் நிற்கிற பிஎச்பி சேவரைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பிரவுசர்சிங்கின் தலையில் விழுகிற திட்டில் பாதி உண்மையில் அதற்குரியது. ஒரு ஃபோல்டருக்கான விதிகளை அப்பாச்சிக்குச் சொல்லும் எச்டிஅக்சஸ் கோப்பை அது வாசிக்காது. அழகான முகவரிகளை, முகவரியை மாற்றி எழுதும் அப்பாச்சியின் மொட் ரீரைட்டில் செய்திருந்தால், எந்த முகவரிக்கு எது போக வேண்டும் என்று தீர்மானிக்கும் ஒரு ரவுட்டர் ஸ்கிரிப்ட் எழுதிக் கொடுக்க வேண்டும், அது ஃபோல்ஸ் என்று திருப்பினால் கோப்பு இருக்கிறபடியே போகும், இல்லாவிட்டால் நீங்கள் சொன்னபடி நடக்கும். பத்து வரிக்குள் முடியும். ஆனால் எச்டிஅக்சஸில் பூட்டி வைத்த ஃபோல்டரும் இங்கே பூட்டில்லாமல் கிடக்கும் என்பதை மறக்கக்கூடாது, பழைய ஆட்கள் டேட்டாபேஸ் பக்கப்பை, அதாவது காப்புப் பிரதியை, அந்த மாதிரி ஃபோல்டரில்தான் போட்டு வைத்திருப்பார்கள். அதோடு, புள்ளி இல்லாத ஒரு பிழையான முகவரியைக் கேட்டால் பக்கம் இல்லை என்ற 404 பிழையைச் சொல்லாமல் மேலே மேலே போய் எங்காவது இருக்கும் இன்டெக்ஸ் பக்கத்தைத் தரும். மெனுவில் ஒரு இணைப்பு பிழை, நீங்கள் பார்ப்பது லொகின் பக்கம், செஷன் போய்விட்டதாக நினைப்பீர்கள். டெர்மினலில் வரி வரியாக வேண்டுகோள்கள் ஓடும், அதைப் பார்க்கப் பழகினால் இது உடனே பிடிபடும்.

பெரிய விஷயம், அது ஒரு நேரத்தில் ஒரு வேண்டுகோளைத்தான் கவனிக்கும். சாதாரணப் பக்கங்களுக்கு இது தெரியாது. பில்லை பிடிஎஃப் ஆக்குகிற இடத்தில் தெரியும். பிடிஎஃப் செய்யும் பிஎச்பி நூலகமான எஃப்பிடிஎஃப் பாவித்து எழுதிய பில், மேலே கடையின் லோகோ, லோகோவை எழுதியவர் கோப்புப் பாதையாகக் கொடுக்காமல் எச்டிடிபி முகவரியாகக் கொடுத்திருக்கிறார். முகவரியை லொக்கலுக்கு மாற்றினீர்கள். இப்போது பில் ஸ்கிரிப்ட் லோகோவைக் கேட்டு அதே சேவரிடம் போகிறது, சேவரோ பில் ஸ்கிரிப்ட் முடியட்டும் என்று காத்திருக்கிறது. இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு அரை நிமிடமோ ஒரு நிமிடமோ நிற்கும், பிறகு நேரம் முடிந்தது என்று பிழை வரும். பிஎச்பி 7.4இலிருந்து, ஒரே நேரத்தில் வேலை செய்யும் வேர்க்கர்களின் எண்ணிக்கையைச் சூழல் மாறியில் (நிரலுக்கு வெளியிலிருந்து கொடுக்கும் மதிப்பு) கொடுக்கலாம், ஆனால் விண்டோஸில் அது வேலை செய்யாது, 5.6க்கும் அது கிடையாது. ஆக, லோகோவைக் கோப்புப் பாதையாக மாற்றுவது, அல்லது அதே ஃபோல்டரை 8001இல் இன்னொரு தடவை ஓட்டி லோகோவை அங்கிருந்து எடுப்பது. முதலாவதுதான் சரியான வைத்தியம்.

இந்தத் தொல்லையால்தான் நான் சிஜிஐ வழியையும் பாவித்துப் பார்த்தேன், ஜாவாஸ்கிரிப்ட் சேவர் தானே ஸ்கிரிப்டைக் கிளப்புகிற வழி. சிஜிஐ என்பது 1993 காலத்துச் சங்கதி, அமெரிக்காவின் என்சிஎஸ்ஏ கணினி மையத்தில் தொடங்கியது, 2004இல்தான் ஆர்எஃப்சி 3875 என்ற முறையான இணைய ஆவணமாக வந்தது. விதி எளிது. வேண்டுகோளின் விவரங்களைச் சூழல் மாறிகளில் வை, உடலை உள்ளீட்டில் ஊற்று, ஸ்கிரிப்ட் முதலில் ஹெடர்களையும் (பக்கத்தைப் பற்றிய விவர வரிகள்) பிறகு ஒரு வெற்று வரியையும் பிறகு பக்கத்தையும் துப்பும், அதை எடுத்து அனுப்பு. நோட்டில் எச்டிடிபி சேவர் ஒன்று, வேறொரு நிரலைக் கிளப்பும் சைல்ட் புரொசஸின் ஸ்போன் ஒன்று, ஒரு அறுபது எழுபது வரியில் முடிகிற வேலை. அதையே பிரவுசர்சிங்குக்குப் பின்னால் புரொக்ஸி இலக்காகக் கொடுத்துவிடலாம், முன்னால் எதுவும் மாறாது.

எளிது என்றேன், ஆனால் இதற்கு இணையத்தில் கிடைக்கிற சின்னச் சின்னத் துண்டுக் கோடுகளில் கனக்கக் குழி இருக்கிறது. சிலது வெறும் பிஎச்பி கட்டளையைக் கிளப்புகின்றன. அது கட்டளை வரிப் பதிப்பு, ஹெடரே வராது, முகவரியோடு வரும் கெட் மாறிகள் வெறுமையாக இருக்கும், குக்கி போகாது, எனவே லொகின் ஒருபோதும் ஒட்டாது. கிளப்ப வேண்டியது பிஎச்பி-சிஜிஐ என்ற வேறு கோப்பு. அதற்கு ரீடைரெக்ட் ஸ்டேட்டஸ் என்ற மாறியைக் கொடுக்காவிட்டால் பாதுகாப்பு எச்சரிக்கை ஒன்றைக் காட்டிவிட்டு மறுத்துவிடும், ஸ்கிரிப்ட் ஃபைல்நேம் இல்லாவிட்டால் நோ இன்புட் ஃபைல் என்று மொட்டையாகச் சொல்லும். நோட்டின் எக்ஸ்பிரஸ் என்ற சட்டகத்தில், வேண்டுகோளின் உடலைப் படிக்கும் பொடி பார்சரை முன்னால் போட்டிருந்தால் அது உடலை ஏற்கெனவே குடித்துவிடும், பிஎச்பிக்கு ஒன்றும் மிஞ்சாது. ஹெடர்களை ஒரு ஒப்ஜெக்டில் பெயர் வைத்து அடுக்கினால் செட் குக்கி இரண்டு வந்தால் பின்னது முன்னதை விழுங்கும். ஸ்டேட்டஸ் என்ற வரியைப் படித்து எச்டிடிபி எண்ணாக மாற்றாவிட்டால் ரீடைரெக்ட் எல்லாம் 200 ஆகிப் போகும், வெற்றுப் பக்கம் வரும்.

இதெல்லாம் யாருக்கும் பொது. தமிழ்ப் பக்கம் வைத்திருக்கிறவர்களுக்கென்று தனியாக இரண்டு குழிகள் உண்டு, ஆங்கிலத்தில் மட்டும் சோதித்தவர் கண்ணில் இவை படவே படாது. யூனிகோட் எழுத்துகளைச் சேமிக்கும் யூடிஎஃப் 8 முறையில் ஒரு தமிழ்க் குறியீடு மூன்று பைட். பக்கத்தின் அளவைச் சொல்லும் கொன்டென்ட் லெங்த் ஹெடரை ஜாவாஸ்கிரிப்ட் ஸ்ட்ரிங்கின் நீளத்தை வைத்து அனுப்பினால் உண்மை அளவில் மூன்றில் ஒன்றுக்குக் கிட்டத்தான் சொல்லியிருப்பீர்கள், பிரவுசர் அந்த அளவோடு நிறுத்திவிடும், பக்கம் பாதியில் வெட்டுப்படும். பைட் நீளத்தை எண்ண வேண்டும். மற்றது, ஸ்கிரிப்ட் துப்புவது துண்டு துண்டாக வரும், ஒவ்வொரு துண்டையும் ஸ்ட்ரிங்காக மாற்றி ஒட்டினால், துண்டின் எல்லை ஒரு எழுத்தின் நடுவில் விழுந்த இடத்தில் கேள்விக்குறி போட்ட கறுப்பு டைமன்ட் வந்து உட்காரும். சின்னப் பக்கத்தில் வராது, வாடிக்கையாளர் பட்டியல் மாதிரிப் பெரிய பக்கத்தில் எங்கோ ஒரு பெயரில் மட்டும் வரும், அடுத்த ரீலோடில் வேறு பெயரில் வரும். டேட்டாபேஸ் பழுது என்று எல்லோரும் முதலில் நினைப்பது இதைத்தான். எல்லாவற்றையும் பஃபராக, அதாவது எழுத்தாக மாற்றாமல் பைட்டாகவே, வைத்து, ஹெடர் முடியும் இடத்தை மட்டும் கண்டுபிடித்து, மிச்சத்தைத் தொடாமல் அனுப்பினால் இந்த இரண்டும் போய்விடும்.

சிஜிஐயின் நன்மை, ஒவ்வொரு வேண்டுகோளுக்கும் தனிப் புரொசஸ் என்பதால் அந்த லோகோச் சண்டை வராது. தீமையும் அதே, விண்டோஸில் புரொசஸ் கிளப்புவது மெதுவான வேலை, ஆறு ஃப்ரேம் உள்ள பக்கம் திறக்கும்போது ஒரு தயக்கம் தெரியும். பேர்ள் மொழியில் பழைய ஸ்கிரிப்ட் வைத்திருக்கிறவர்களுக்கு இந்த வழி நல்லது, அதே உறையில் பேர்ளையும் கிளப்பலாம். பேர்ளின் சிஜிஐ மொடியூல் 5.22இல் மூல விநியோகத்திலிருந்து வெளியே போய்விட்டது, தனியாக இறக்க வேண்டும். பைதனும் 3.13இல் தன் சிஜிஐ மொடியூலை நீக்கிவிட்டது. பிஎச்பி மட்டும்தான் இருக்கிறது என்றால் உள்ளே இருக்கும் சேவரே போதும், சிஜிஐக்குப் போகத் தேவையில்லை.

எந்தச் சேவர் போட்டாலும் தீராத சில விஷயங்களுக்கும் சேவரைத் திட்டுகிறார்கள். பிஎச்பி 8இல் ஓட்டிவிட்டு டேட்டாபேஸோடு இணைக்கும் மைஎஸ்கியூஎல் கனெக்ட் ஃபங்ஷன் இல்லை என்று வந்தால் அது பிரவுசர்சிங்கின் குற்றம் அல்ல, அந்தப் பழைய ஃபங்ஷன்கள் 7.0இலேயே, 2015 டிசெம்பரில், போய்விட்டன. 5.6இலும் பிஎச்பி.இனி என்ற அமைப்புக் கோப்பில் அதற்கான எக்ஸ்டென்ஷனைத் திறக்காவிட்டால் இதே பிழை வரும். பிஎச்பியோடு வரும் டிவெலப்மென்ட் அமைப்புக் கோப்பைக் கொப்பி பண்ணினால் ஷோர்ட் டாக் மூடியிருக்கும், கேள்விக்குறியோடு மட்டும் தொடங்கிய பழைய கோட் எல்லாம் பக்கத்தில் எழுத்தாக வந்து கொட்டும். மைஎஸ்கியூஎல் 8 போட்டால் 5.6 அதோடு கதைக்கவே மாட்டாது, சேவர் அனுப்பிய எழுத்துத் தொகுதி தெரியாது என்று சொல்லும், அதிலிருந்து பிரிந்த டேட்டாபேஸான மரியாடிபி போடுங்கள், வேலை முடிந்தது. நோட்பேடில் யூடிஎஃப் 8 என்று சேமித்து முன்னால் பிஓஎம் என்ற கண்ணுக்குத் தெரியாத குறி ஒட்டிக்கொண்டால் ஹெடர் ஏற்கெனவே போய்விட்டது என்று அழும்.

பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் சேமித்த வாடிக்கையாளர் பெயர்கள் எழுத்துரு இல்லாத போனில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குப்பையாகத்தான் தெரியும், அதை யூனிகோடுக்கு மாற்றுவது தனி வேலை, தனிக் காசு. நேரமும் அப்படித்தான். ஒரு கோப்பில் அமெரிக்க ஹோஸ்டிங் நேரத்தைச் சரிசெய்ய கிரீன்விச்சோடு ஆறு மணித்தியாலம் கூட்டியிருந்தது. 2006 ஏப்ரலில் நாடு ஐந்தரைக்குத் திரும்பியது, கோட் திரும்பவில்லை, அன்றிலிருந்து அந்தக் கடையின் மீள்பதிப்பு பில்கள் அரை மணித்தியாலம் முந்தி ஓடுகின்றன, வருமான வரிக்காரர் உட்பட யாரும் கேட்டதில்லை.

மற்றவற்றோடு ஒப்பிட்டால்? வீட் சேவரும் புரொக்ஸி செய்யும், ஆனால் புரொக்ஸியில் வரும் எச்டிஎம்எல்லைத் தொடாது, அதனால் பிஎச்பிப் பக்கம் தானாக ரீலோட் ஆகாது, தரவை மட்டும் கொடுக்கும் ஏபிஐ மாத்திரம் பிஎச்பியில் இருக்கிறவர்களுக்கு அது சரி. கல்ப் என்ற ஜாவாஸ்கிரிப்ட் வேலை ஓட்டியைப் பாவிக்கிறவர்களுக்கு கனெக்ட் பிஎச்பி என்று ஒன்று இருக்கிறது, அதுவும் உள்ளே இதே பிஎச்பி சேவரைத்தான் கிளப்புகிறது. பிஎச்பியையே ஜாவாஸ்கிரிப்ட் இயக்கிகளில் ஓடும் வெப்அசெம்பிளி வடிவமாக்கி நோட்டுக்குள் ஓட்டுகிற வேர்ட்பிரஸ் பிளேகிரவுண்ட் வழி அழகானது, ஆனால் அது வேர்ட்பிரஸ்காரர்களுக்காகச் செய்தது, 2005 பில் சிஸ்டத்துக்கு அதை நான் எடுக்கமாட்டேன். ஸாம்ப் இன்னும் நல்ல சாமான்தான். எச்டிஅக்சஸில் தொங்குகிற தளம் என்றால் ஸாம்பைப் பின்னால் வைத்து பிரவுசர்சிங்கை அதன் முன்னால் நிறுத்துங்கள், புரொக்ஸிக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்பது அதற்குக் கவலையில்லை.

ஐந்துக்கு எத்தனை என்றால், கோஸ்ட் மோடை நிறுத்தி வைத்த பிரவுசர்சிங்குக்கு நான்கு. நிறுத்தாததற்கு இரண்டரை. பிஎச்பியின் உள் சேவருக்கு மூன்றரை, அந்த 404 குணத்துக்காகத்தான் குறைக்கிறேன். கையால் எழுதும் சிஜிஐ உறைக்கு மதிப்பெண் தரமுடியாது, அது நீங்கள் எழுதுவதைப் பொறுத்தது.

18 வீதம் எல்லா இடத்திலும் மாறி முடிந்ததும் முதலாளி லப்டொப்பை எட்டிப் பார்த்துவிட்டு, "தம்பி, இது இவ்வளவு கெதியா ஓடுதே, இதையே கடைக் கொம்பியூட்டரில போட்டு விடுங்கோவன், ஹோஸ்டிங் காசு மிச்சம்" என்றார். ஏலாது ஐயா என்றேன். உள்ளே இருக்கும் சேவரைப் பொது நெற்வேர்க்கில் பாவிக்க வேண்டாம் என்று பிஎச்பிக் கையேடே சொல்கிறது, நான்கு கவுன்டரில் ஒரே நேரத்தில் பில் போட்டால் மூன்று பேர் வரிசையில் நிற்க வேண்டும், பிரவுசர்சிங்கோ யார் கேட்டாலும் கதவைத் திறக்கும். கடைக் கொம்பியூட்டரில்தான் வேண்டும் என்றால் அப்பாச்சி போட்டு, பக்கப்புக்கு ஒரு வழி செய்து, யூபிஎஸ் ஒன்றும் வாங்க வேண்டும் என்று விலை எழுதிக் கொடுத்தேன். பார்க்கிறேன் என்று மேசை லாச்சியில் வைத்திருக்கிறார்.